மூன்று ஏடுகளும் ஒரு தேதியும்: சிலிபின் வட்டாரத்தில் வயது வந்தோர் திருமுழுக்கை வாசித்தல்

மலாயாத் தோட்டத் தமிழரின் சமய வாழ்வைப் பற்றி எழுதியோரில் ஒரு சாரார் கத்தோலிக்கக் கோயிலின் ஞானஸ்நானப் (திருமுழுக்குப்) பதிவேட்டிலிருந்து தொடங்குவர். பிறந்த தேதிக்கும் ஞானஸ்நானத் தேதிக்கும் நடுவே நெடிய இடைவெளி உள்ள பெயர்களைத் தனியே பிரித்து, அவர்களை 'மதம் மாறியோர்' என்று எண்ணுவர். எண்ணி முடித்ததும் காரணங்கள் வரிசைகட்டும்: கலியாணத்துக்காக வந்தவர், பள்ளிக்கூடத்துக்காக வந்தவர், தோட்டம் துண்டாடப்பட்டபின் ஆதரவு தேடி வந்தவர். இந்தக் காரணங்களில் எது பொருந்தும், எது பொருந்தாது என்பது இங்கே பேச்சில்லை. அவற்றுக்கு முன்னால் நடக்கும் எண்ணிக்கையே பிழையான இடத்தில் தொடங்குகிறது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

சுருங்கச் சொன்னால்: பதிவேட்டிலுள்ள தேதி ஒருவர் திருச்சபைக்குள் வந்த நாளைக் காட்டவில்லை. அவர் ஏற்கெனவே உள்ளே நிற்கத் தொடங்கிப் பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழிந்தபின் அக்காலம் நிறைவுற்ற நாளையே அது காட்டுகிறது. இதைத் திருச்சபையின் சொந்தச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அந்த ஒப்புதல் ஞானஸ்நானம் பற்றிய பகுதியில் இல்லாமல் அடக்கம் பற்றிய பகுதியில் இருப்பதால் அதிகம் கவனிக்கப்படவில்லை என்று கருதுகிறேன்.

சிலிபினை முன்னிறுத்துவதற்குக் காரணம் உண்டு. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள ஈப்போவின் இந்தப் பகுதியில் லூர்து அன்னை ஆலயமும் புனித பிலோமினா கான்வென்ட் தமிழ்ப்பள்ளியும் தமிழ்க் கத்தோலிக்க வாழ்வின் இரு தூண்கள். பக்கத்திலுள்ள புந்தோங்கோ ஈப்போவின் தமிழ்ச் சைவ வாழ்வுக்குப் பேர்போன இடம். ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறியும் வீட்டுமனைகளாகியும் போனபின், பேராக்கின் பழைய தோட்டக் குடும்பங்கள் பல இத்தகைய நகர்ப்புறங்களில் வந்து குடியேறின. இங்கே கத்தோலிக்கரும் சைவரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் இருக்கக்கூடும். ஆகவே 'எப்போது மாறினார்?' என்ற கேள்வி இங்கே எழும்போது அதற்கு ஒற்றைத் தேதியை விடையாகத் தருவது எளிதன்று.

முதலில் பதிவேட்டையே பார்ப்போம். இதைத்தான் முந்தைய ஆய்வுமுறை முழுதும் நம்பியிருக்கிறது.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 877ஆம் சட்டம் பதிவேட்டில் எழுத வேண்டியவற்றை வரையறுக்கிறது: திருமுழுக்குப் பெற்றவர் பெயர், அருளியவர், பெற்றோர், ஞானப்பெற்றோர், சாட்சிகள் இருந்தால் அவர்கள், திருமுழுக்கு நடந்த இடமும் நாளும், பிறந்த இடமும் நாளும். 535ஆம் சட்டம் ஓரக்குறிப்பாக மேலும் சிலவற்றைச் சேர்க்கச் சொல்கிறது: உறுதிப்பூசுதல், திருமணம், குருத்துவம், நித்திய வார்த்தைப்பாடு முதலியன. இவ்விரு பட்டியலையும் சேர்த்து வாசித்தால் ஒன்று புலப்படும். பதிவேட்டின் ஓரம் முன்னோக்கியே நீள்கிறது. திருமுழுக்குக்குப் பின் நடப்பவை அனைத்துக்கும் அதில் இடம் உண்டு. முன் நடந்தவற்றில் பிறப்பைத் தவிர வேறெதற்கும் ஒரு கட்டம்கூட இல்லை. முந்தைய சமயம் எது, எத்தனை மாதம் பயிற்சி பெற்றார், யார் கூட்டி வந்தார் என்பனவற்றைக் கேட்க அதற்குத் தெரியாது. முந்தைய வாழ்வைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத ஆவணத்தை வைத்துக்கொண்டு முந்தைய வாழ்விலிருந்து ஏன் விலகினார் என்று விளக்குவது, சாட்சி சொல்லாததைத் தீர்ப்பில் எழுதுவதற்கு ஒப்பாகும்.

'வயது வந்தோர்' என்ற சொல்லும் வழுக்குகிறது. 852ஆம் சட்டப்படி, ஏழு வயது நிறைந்து பகுத்தறியும் பருவம் எய்திய எவரும் திருமுழுக்கைப் பொறுத்தவரை வயது வந்தவரே. 863ஆம் சட்டம் குறைந்தது பதினான்கு வயது நிறைந்தோரின் திருமுழுக்கை ஆயருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது; ஆயர் விரும்பினால் தாமே அருளலாம். மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் 12(4)ஆம் பிரிவோ பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் சமயத்தைப் பெற்றோர் அல்லது காப்பாளரின் கையில் விடுகிறது. இவற்றுக்கு நடுவே 'வயதுக்கு வருதல்' என்று தமிழ்க் குடும்பங்கள் சொல்வதன் பொருள் முற்றிலும் வேறு. ஆகப் பதிவேட்டில் எட்டு வயதுச் சிறுவனும் நாற்பது வயதுத் தோட்டத் தொழிலாளியும் ஒரே சட்டச் சொல்லுக்குள் அடங்குவர். சிறுவன் ஒருவேளை அம்மாவோடு வந்தவனாக இருப்பான். தொழிலாளி அம்மாவை எதிர்த்துக்கொண்டு வந்தவராக இருக்கலாம். இடைவெளியை மட்டும் அளக்கும் முறையால் இவ்விருவரையும் பிரித்தறிய முடியாது.

எண்ணிக்கை மறுபுறமும் சறுக்குகிறது. பங்கில் ஆயத்தப் பயிற்சிக்கு வருவோரில் சிலர் ஏற்கெனவே லூத்தரன், மெத்தடிஸ்ட் சபைகளில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். 869ஆம் சட்டப்படி, அந்த ஞானஸ்நானத்தின் செல்லுபடி குறித்துத் தக்க ஐயம் இல்லாதவரை அவர்களுக்கு மீண்டும் அது கொடுக்கப்படுவதில்லை. அவர்கள் எல்லோரோடும் உட்கார்ந்து கற்றிருப்பார்கள், ஆனால் அவ்வாண்டின் திருமுழுக்குப் பெற்றோர் வரிசையில் இருக்கமாட்டார்கள். பதிவேடு ஒருபுறம் மிகுத்தும் மறுபுறம் குறைத்தும் காட்டும் ஆவணமாகிறது.

உயிர்ப்புப் பெருவிழா இரவில் பெயர்கள் குவிவதும் இவ்வாறே தவறாக வாசிக்கப்படுகிறது. ஒரே இரவில் பலர் பெயர் வரிசையாக நிற்பதைக் கண்டு 'கூட்டு மதமாற்றம்' என்றோ 'எழுச்சி' என்றோ முடிவு கட்டுவது பிழை. 1963 டிசம்பர் 4இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏட்டின் 64ஆம் எண், வயது வந்தோர் திருமுழுக்குக்கு ஆயத்தமாகும் படிப்படியான புகுநிலையை மீட்டெடுக்கச் சொன்னது. அதன்படி 1972 ஜனவரி 6இல் வெளியான வயது வந்தோர் புகுமுகச் சடங்குமுறை, அவ்விரவின் பாஸ்கா திருவிழிப்பைத் திருமுழுக்குக்கு உரிய வழக்கமான நேரமாக்கியது. குவியலுக்குக் காரணம் நாட்காட்டி. ஆனி ஆடியில் தனித்தனியே, தனித்தனிக் காரணத்தோடு வந்தவர்களை நாட்காட்டி ஓர் இரவுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

இந்த 1972 சடங்குமுறைதான் பதிவேட்டை வாசிக்க வேண்டிய திறவுகோல். பங்குகளில் மக்கள் இதை அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கத்தால் 'ஆர்சிஐஏ வகுப்பு' என்றே சொல்வர். 'வகுப்பு' என்ற சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று எனக்குப் படுகிறது. வகுப்பென்றால் பாடம், பாடமென்றால் சோதனை, சோதனை முடிந்தால் சான்றிதழ் என்ற தொடர் மனத்தில் தானாக ஓடும். தவக்காலத்தின் முதல் ஞாயிறில் ஆயரோ அவர் அனுப்பியவரோ நடத்தும் சடங்கின் பெயரும் இதற்குத் துணைபோகிறது: 'தேர்வு' என்றால் தெரிந்தெடுத்தல், பரீட்சை ஆகிய இரண்டும் பொருளாகும். சடங்குமுறை குறிப்பது முதற்பொருளை. கடவுள் தெரிந்தெடுத்தார் என்று சபை அறிவிக்கும் நிகழ்ச்சி அது. கேள்வித்தாள் அங்கே கிடையாது.

சடங்குமுறை வகுப்பைப் பின்னுக்குத் தள்ளி மூன்று வாசல்களை முன்னிறுத்துகிறது. முதலாவது ஏற்புச் சடங்கு. வந்தவர்களைக் கோயில் வாசலிலேயே நிறுத்தி, என்ன தேடி வந்தீர்கள் என்று கேட்டு, நெற்றியிலும், பின்பு காது, கண், உதடு, மார்பு, தோள் ஆகிய இடங்களிலும் சிலுவை வரைந்து உள்ளே அழைக்கின்றனர். இரண்டாவது மேற்சொன்ன தெரிந்தெடுப்பு. அதற்கும் திருமுழுக்குக்கும் நடுவே, தவக்காலத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் சமாரியப் பெண், பிறவிக் குருடர், இலாசர் ஆகிய நற்செய்திகளோடு மூன்று கூர்ந்தாய்வுச் சடங்குகள் நடைபெறும். மூன்றாவது வாசல் பாஸ்கா இரவின் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை.

வாசலுக்கு ஒன்றாக மூன்று ஏடுகளும் உண்டு. ஏற்புச் சடங்கு முடிந்ததும், இனிப் புகுநிலையினர் எனப்படும் அவர்களின் பெயர்களைப் புகுநிலையினர் ஏட்டில் எழுத வேண்டும். அருளியவர், பொறுப்பாளர், இடம், நாள் ஆகியவற்றோடு எழுத வேண்டும் என்று சடங்குமுறையும், உரிய ஏட்டில் எழுத வேண்டும் என்று 788ஆம் சட்டமும் சொல்கின்றன. தெரிந்தெடுப்பின்போது இன்னொரு ஏட்டில் பெயர் ஏறுகிறது. பல இடங்களில் அவரவரே கையொப்பம் இடுகின்றனர். திருமுழுக்குக்குப் பின்னரே நாம் அறிந்த பதிவேடு. முந்தைய ஆய்வுமுறை மூன்றாம் ஏட்டை மட்டும் திறந்துவிட்டு அதையே முதல் ஏடாக வாசித்தது.

இங்கே நான் வலியுறுத்த விரும்பும் சட்டம் 1183. அது அடக்கம் பற்றியது. அடக்கச் சடங்குகளைப் பொறுத்தவரை புகுநிலையினரை விசுவாசிகளோடு சேர்த்தே எண்ண வேண்டும் என்கிறது அதன் முதற்பிரிவு. அதன் விளைவை நினைத்துப் பார்க்கலாம். ஆவணியில் கோயில் வாசலில் சிலுவை வரையப்பெற்ற ஒருவர் திருமுழுக்குப் பெறாமலே தைமாதம் இறந்துபோனால், அவருக்குக் கத்தோலிக்க முறைப்படி அடக்கம் உண்டு. அவர் பெயர் புகுநிலையினர் ஏட்டில் இருக்கும், அடக்க ஏட்டில் இருக்கும். திருமுழுக்குப் பதிவேட்டில் ஒருபோதும் இராது. பதிவேட்டை மட்டும் எண்ணும் ஆய்வாளர் கணக்கில் அவர் மதம் மாறவே இல்லை. அவரைப் புதைத்த திருச்சபையின் கணக்கிலோ அவர் உள்ளே இருந்தவர். இவ்விரண்டு கணக்கில் எதை நம்புவது என்பதில் எனக்கு அதிகத் தயக்கம் இல்லை. 'சேர்தல்' எப்போது நிகழ்ந்தது என்பதைச் சேர்த்துக்கொண்ட அமைப்பே சொல்லும்போது, அதைவிடப் பிந்திய தேதியை ஆய்வாளர் தம் விருப்பப்படி நிறுத்துவதற்குத் தனிக் காரணம் வேண்டும்.

இது அண்மைக் காலச் சலுகையும் அன்று. 206ஆம் சட்டம் புகுநிலையினர் திருச்சபையோடு சிறப்பான முறையில் இணைந்தவர்கள் என்கிறது. அதற்கு வெகு முன்பே, ஹிப்போலித்துவின் பெயரால் வழங்கும் 'திருத்தூதர் மரபு' மூன்றாண்டுப் புகுநிலையைக் கூறி, காலத்தைவிட நடத்தையே அளவுகோல் என்கிறது. திருமுழுக்குக்கு முன் வேதத்துக்காகக் கொல்லப்பட்டவர் தம் இரத்தத்திலேயே அதைப் பெற்றதாகக் கொள்கிறது. அந்நூலின் ஆசிரியர், காலம் பற்றிய சர்ச்சை நம் வாதத்தைத் தொடாது. கி.பி. 392இல் திருமுழுக்கை எதிர்பார்த்திருந்த நிலையில் மாண்ட பேரரசர் இரண்டாம் வலெந்தீனியனுக்கு மிலான் ஆயர் அம்புரோசு ஆற்றிய இரங்கலுரையும் இதே முடிவுக்கு வந்தது: வேண்டியதை அவர் பெற்றுவிட்டார். இதைச் சொன்ன அம்புரோசுமே 374இல் ஆயராகத் தெரிந்தெடுக்கப்பட்டபோது திருமுழுக்குப் பெறாதவர்தாம்.

1972க்கு முந்திய பதிவேடுகளை இத்திறவுகோலால் திறக்கக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாண்டிச்சேரியோடு தொடர்புள்ள பாரிசு வேதபோதக சபைக் குருக்களும் உபதேசியார்களும் மலாயாத் தமிழரிடையே பணிபுரிந்த காலத்தில் ஆயத்தம் என்பது ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்வதாகவே பெரும்பாலும் இருந்தது. வீரமாமுனிவர் உபதேசியார்களுக்கென்றே 'வேதியர் ஒழுக்கம்' எழுதிய மரபின் தொடர்ச்சி அது. சாகும் தறுவாயில் இருப்பவருக்கு எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பதால் அவ்வகைப் பெயர்களும் அப்பதிவேடுகளில் கலந்திருக்கும். இவற்றை ஒரே வரைபடத்தில் போட்டு 1970களுக்குப்பின் 'மாற்றம் குறைந்தது' என்றோ 'கூடியது' என்றோ சொல்வது இருவேறு பொருள்களைக் கூட்டுவதாகும். அதேபோல 1938இல் இந்திய அரசு தோட்டங்களுக்கு உதவிபெற்றுச் செல்வதைத் தடுக்கும்வரை கங்காணி முறையில் ஊரோடு வந்த கத்தோலிக்கக் குடும்பங்களின் குழந்தைகளும், இங்கே வயதான பின் சேர்ந்தவர்களும் ஒரே பக்கத்தில் நிற்பர்.

ஏற்புக்கும் திருமுழுக்குக்கும் நடுவிலுள்ள இடைக்காலத்தைக் காலமாகவே எடுத்துக்கொண்டால் சிலிபினில் என்ன தெரியும்? தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ முருகன் கோயிலுக்குக் காவடிகள் போகும். பிப்ரவரி 11 லூர்து அன்னை திருநாள். அதையொட்டித் திருநீற்றுப் புதன். அடுத்த ஞாயிறு தெரிந்தெடுப்பு. புகுநிலையில் இருப்பவரின் கடைசி மாதங்கள் பெரும்பாலும் இந்தச் சில வாரங்களுக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. அண்ணன் காவடி எடுக்கும்போது தம்பி பால்குடம் தூக்க வருவானா என்ற கேள்வி வீட்டில் எழுவது இந்தக் காலத்தில்தான். பாஸ்கா இரவில் அன்று. முறிவு என்று ஒன்று இருந்தால் அதன் இடம் இதுவே, பதிவேட்டின் தேதி அதற்கு இரண்டு மாதம் பிந்தியது.

முறிவு என்ற சொல்லையும் இவ்விடத்தில் ஐயத்தோடுதான் ஆள்கிறேன். 1704இல் பாண்டிச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் பிறப்பித்த ஆணை கிறிஸ்தவர்கள் சாணச் சாம்பல் பூசுவதைத் தடைசெய்தது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலியையும் விலக்கியது. ஞானஸ்நானத்தில் உமிழ்நீர், உப்பு முதலியவற்றைத் தவிர்க்கக்கூடாதென்றது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் திருத்தந்தை இவ்வழக்கங்கள் பற்றிய சர்ச்சைக்கு முடிவு கட்டினார். ஆனால் தமிழ்த் திருச்சபை தவக்காலத்தின் முதல் நாளுக்கு வைத்திருக்கும் பெயர் திருநீற்றுப் புதன். ஆணை விலக்கிய சொல்லை வழிபாடு தன் வாயில் வைத்துக்கொண்டது. சிலிபினில் புகுநிலையில் இருப்பவரின் நெற்றி முருகன் கோயில் திருநீற்றையும், ஏற்புச் சடங்கின் தடமில்லாச் சிலுவையையும், குருத்தோலைச் சாம்பலையும் ஓராண்டுக்குள் அறிந்திருக்கலாம். இதை ஒரே வெட்டாகக் கற்பனை செய்யும் வாசிப்பு நெற்றியைப் பார்க்கத் தவறுகிறது.

பெயர் மாற்றமும் இதே வகை. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு புனிதர் பெயரை வேண்டியது. 1983ஆம் தொகுப்பின் 855ஆம் சட்டம் கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொண்டது. ஆகவே பழைய பதிவேடுகளில் தெரியும் பெயர்மாற்றம் சட்டத்தின் சுவடாக இருக்கலாம். அதைத் தனிமனிதரின் சாதித் துறப்பாகவோ அடையாளத் துறப்பாகவோ வாசிக்குமுன் இதைக் கழித்துப் பார்க்க வேண்டும். 1745 மே 14இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளை இலாசர் என்ற பெயரைத் தேவசகாயம் என்ற தமிழ் வடிவிலேயே ஏற்றார். 2022இல் புனிதராக உயர்த்தப்பட்டபோதும் அப்பெயரோடுதான் உயர்ந்தார். ஐந்தாம் தவக்கால ஞாயிறில் இலாசர் நற்செய்தி வாசிக்கப்படும்போது தமிழ்ப் புகுநிலையினர் கேட்பது அந்தப் பெயரின் மூலத்தை.

மறுப்புகளுக்கு வருவோம். பெரும்பாலோர் கலியாணத்துக்காகத்தான் சேர்கிறார்கள் என்பது முதல் மறுப்பு. கலியாணத்துக்கு ஞானஸ்நானம் கட்டாயமே இல்லை. திருமுழுக்குப் பெறாதவரோடு மணம் செய்ய 1086ஆம் சட்டத்தின் தடைக்கு விலக்குத் தரும் வழி உண்டு. பலர் அவ்வழியில் மணக்கிறார்கள். தவிர, வாசலுக்கு வந்த காரணமும் வாசலைத் தாண்டிய காரணமும் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதில்லை. இருந்தால் இடைக்காலத்தை வைத்ததன் பொருள் என்ன? பள்ளிக்கூடம், உதவி என்ற காரணங்களையும் இதே விடை கவனித்துக்கொள்ளும். புகுநிலையினர் ஏடு எல்லாப் பங்கிலும் ஒழுங்காகப் பேணப்பட்டிருக்குமா என்பது இரண்டாம் மறுப்பு. நியாயமானது. ஆனால் கிடைக்காத ஏட்டுக்குப் பதிலாகக் கிடைக்கும் ஏட்டை அதன் வேலையல்லாததைச் செய்யச் சொல்வது தீர்வாகாது. அடக்க ஏடு, தெரிந்தெடுப்புக் கையொப்பங்கள், முதியோர் நினைவு ஆகியன இருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. இதை ஆய்வுலகம் பேசத் தயங்குகிறது. ஈப்போத் தமிழர் காதில் 'மதமாற்றம்' என்ற சொல் நீதிமன்றச் சொல்லாகிவிட்டது. 2009இல் இந்திரா காந்தி என்ற தாயின் சம்மதமின்றி அவர் பிள்ளைகள் மதம் மாற்றப்பட்டதால் எழுந்த வழக்கு ஈப்போ உயர்நீதிமன்றத்தில் தொடங்கி, 2018 ஜனவரி 29இல் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்ற கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்தது. அவ்வழக்கில் சான்றிதழும் அதன் தேதியும்தான் போராட்டக் களம். அங்கே அது சரியே. அந்தக் கண்ணாடியை அணிந்துகொண்டு சிலிபின் கோயில் வாசலைப் பார்த்தால் அங்கும் சான்றிதழே தெரியும். அதே வாசலில் 865ஆம் சட்டம் கேட்பது தாமே விருப்பத்தை வெளிப்படுத்திய, போதிய அளவு கற்ற, கிறிஸ்தவ வாழ்வில் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒருவரை. இம்மூன்றும் ஒரு நாளில் முடிகிற காரியங்கள் அல்ல.

ஆகவே பேராக் தமிழரின் சமயச் சேர்க்கையை இனி எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். திருமுழுக்குப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு முதலில் அடக்க ஏட்டைத் திறவுங்கள். அதில் ஞானஸ்நானத் தேதி இல்லாத ஒரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தப் பெயரிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.